வெட்டிய காட்டின் சத்து எங்கே போனது? ஹப்பார்ட் புரூக்: ஒரு நிகழ்வு ஆய்வு

பாடநூல்கள் சூழல் மண்டலத்தை இரண்டு படங்களில் முடித்துவிடும். முதல் படத்தில் ஆற்றல் ஒரே திசையில் போகும்: வெயில், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு. அடுத்த படத்தில் நைட்ரஜனோ கால்சியமோ வட்டமாகச் சுற்றும். இரண்டு படமும் சரிதான். ஆனால் முதல் படத்தில் உள்ள ஓட்டத்தை நிறுத்தினால் இரண்டாம் படத்தின் வட்டம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்காது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெள்ளை மலைத்தொடரில் உள்ள ஹப்பார்ட் புரூக் ஆய்வுக்காட்டில் 1965 இறுதியில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சரிவில் இருந்த மரம் முழுவதையும் வெட்டினார்கள். மூன்று கோடைக்கு எதையும் முளைக்க விடவில்லை. கீழே ஓடையில் என்ன வருகிறது என்று அளந்தார்கள்.

இடத்தின் அமைப்பு

அமெரிக்க வனத்துறை 1955இல் தொடங்கிய ஆய்வுக்காடு இது. பள்ளத்தாக்கின் பரப்பு சுமார் 3,160 ஹெக்டேர். முதலில் நீரியல் அளவீட்டுக்காகவே இதைத் தேர்ந்தார்கள். 1963இல் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ், நோய் ஜான்சன், வனத்துறையின் ராபர்ட் பியர்ஸ் ஆகியோர் அதே ஓடைகளில் நீரின் வேதியியலையும் பார்க்கத் தொடங்கினார்கள். சர்க்கரை மேப்பிள், பீச், மஞ்சள் பிர்ச் ஆகிய இலையுதிர் மரங்களே பெரும்பகுதி. உச்சிப்பக்கம் ஸ்புரூஸும் ஃபிர் மரமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடுமையாக வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்த காடு என்பதால், ஆய்வு நடந்தபோது மரங்கள் இன்னும் பருத்துக்கொண்டிருந்தன. கீழே வரும் ஆற்றல் கணக்கைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

இந்த ஆய்வு நம்பத்தக்கதாக இருப்பதற்கு முதல் காரணம் அடிப்பாறை. மெல்லிய மண் அடுக்குக்குக் கீழே நீர் புகாத பாறை இருக்கிறது. மழையாகவும் பனியாகவும் விழுந்த நீருக்கு வெளியேற இரண்டே வழி: ஆவியாகி மேலே போகலாம், அல்லது ஓடையாக இறங்கலாம். நிலத்தடியில் நழுவிப் போவது மிகக் குறைவு. எனவே ஓடையின் கழுத்தில் ஒரு அளவீட்டு அணை கட்டிவிட்டால், அந்தச் சரிவு முழுவதும் நீரில் கரைத்து அனுப்பும் சத்து அந்த ஒரு இடத்தைக் கடந்தே ஆக வேண்டும். சுண்ணாம்புப் பாறையோ ஆழமான மணலோ உள்ள இடத்தில் இதே முறையை அப்படியே பின்பற்றினால் கணக்கு பொய்க்கும்.

அளந்த முறை

ஓடைகளில் வீ வடிவ வெட்டுள்ள தடுப்புகள் கட்டப்பட்டன. வெட்டின் வழியே நீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்பதைக் கருவி இடைவிடாமல் பதியும். உயரத்திலிருந்து கன அளவைக் கணக்கிடலாம். காட்டில் ஆங்காங்கே வெட்டவெளி உண்டாக்கி மழைமானிகள் வைத்தார்கள். மழைநீரையும் ஓடைநீரையும் வாரந்தோறும் பிடித்து, அவற்றில் கரைந்துள்ள அயனிகளை அளந்தார்கள்.

மீதி பெருக்கல் கணக்கு. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 10,000 லிட்டர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் சத்து இருந்தால் அந்த 1 மில்லிமீட்டரில் 10 கிராம் போகும். ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் ஓடி, கால்சியம் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் இருந்தால் ஹெக்டேருக்கு 13.6 கிலோ. வெட்டாத சரிவில் ஆண்டுச் செலவு ஏறத்தாழ இந்த அளவுதான். மழை கொண்டுவரும் கால்சியம் 2 கிலோ சுமார். மீதியைப் பாறையும் மண்ணும் தருகின்றன.

பெருக்கல் எளிது, தவறு நுழையும் இடங்கள் பல. மழை பிடிக்கும் புனலில் பறவை எச்சம் விழுந்தால் அந்த வாரத்து அம்மோனியமும் பொட்டாசியமும் எகிறிவிடும். அந்த மாதிரியைத் தூக்கி எறிவதே வழி. நீர் குறைவாக ஓடும் நாட்களில் மட்டும் மாதிரி எடுத்தால் பனி உருகும் சில வாரங்களின் பெரும் செலவு கணக்கில் வராது. ஓட்டத்தோடு அடர்த்தியும் மாறும் சத்துகளுக்கு இது பெரிய பிழை. நைட்ரேட் என்று எழுதியிருப்பது முழு நைட்ரேட்டா, அதில் உள்ள நைட்ரஜன் மட்டுமா என்று பார்க்காமல் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால் 4.43 மடங்கு பிழை வரும். இது இன்றும் அடிக்கடி நடக்கிறது.

நைட்ரஜனில் இன்னொரு சிக்கல், அது காற்றாகவும் வரும், காற்றாகவும் போகும். அணையில் அது தெரியாது. 1977இல் வெளியான நைட்ரஜன் கணக்கில் மழை வரவு ஹெக்டேருக்கு 6.5 கிலோ, ஓடைச் செலவு 4 கிலோ. காட்டில் சேர்ந்த அளவுக்கு இது போதவில்லை. பற்றாக்குறையான 14.2 கிலோவை நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்ததாக எழுதினார்கள். பின்னால் நேரடியாக அளந்தபோது கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. கழித்து வரும் மீதிக்குப் பெயர் வைத்தால், மற்ற எல்லா எண்களின் பிழையும் அந்தப் பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆற்றல் எங்கே செலவாகிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வளர்பருவத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 4,80,000 கிலோகலோரி. அதில் 15 சதவீதம் எதிரொளித்துத் திரும்பும். 41 சதவீதம் வெப்பமாகக் கலையும். 42 சதவீதம் நீரை ஆவியாக்கும். ஒளிச்சேர்க்கை பிடிப்பது 2.2 சதவீதம்தான், அதாவது 10,400 கிலோகலோரி. இதிலும் 55 சதவீதத்தை மரங்களே சுவாசத்தில் செலவழித்துவிடும். நிகரமாக மிஞ்சுவது 4,680.

இந்த 4,680 போகும் வழியில்தான் பாடநூலின் உணவுச்சங்கிலி தடுமாறுகிறது. ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு இலைச்சருகாகவும் செத்த வேராகவும் மண்ணில் சேர்கிறது. நாலில் ஒரு பங்கு புதிய மரமாகத் தங்குகிறது. காடு இளமையாக இருந்ததால் இந்தச் சேமிப்பு. பச்சை இலையைத் தின்னும் பூச்சி, மான், முயல் வழியாகச் செல்வது சாதாரண ஆண்டில் 1 சதவீத அளவு. 1969 முதல் 1971 வரை கம்பளிப்பூச்சிகள் பெருகியபோது அது பல மடங்கு ஏறியது உண்மை. அது விதிவிலக்கு. புல், வெட்டுக்கிளி, தவளை என்ற வரிசை இந்தக் காட்டில் ஒரு ஓரக்கதை. முக்கியக் கதை சருகுப் படுகையில், பூஞ்சை, பாக்டீரியா, சிறு பூச்சிகளிடையே நடக்கிறது.

அந்தப் படுகையில் வேட்டையாடும் சலமாண்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்; பல்லி வடிவில் இருக்கும், தவளைக்கு உறவான பிராணிகள் இவை. எண்ணி எடைபோட்டபோது அவற்றின் மொத்த எடை, இனப்பெருக்கக் காலத்துப் பறவைகள் எல்லாவற்றின் எடையைவிடவும் இரு மடங்குக்கு மேல் வந்தது. குளிர் இரத்தப் பிராணி என்பதால் உடல் சூட்டுக்கு அது உணவை எரிப்பதில்லை. தின்றதில் சுமார் 60 சதவீதத்தை உடலாக மாற்றிக்கொள்கிறது. பறவைக்கு இது ஓரிரு சதவீதம்தான். ‘ஒவ்வொரு படியிலும் 10 சதவீதம்’ என்ற மனப்பாட விதி சராசரியாகக்கூட எங்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ஓடையும் காட்டின் உணவில்தான் வாழ்கிறது. பேர் புரூக் என்ற கிளை ஓடையில் 1,700 மீட்டர் நீளத்துக்கு ஸ்டூவர்ட் ஃபிஷரும் லைக்கன்ஸும் எடுத்த கணக்கு 1973இல் வந்தது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 6,039 கிலோகலோரி வரவு. அதில் 99 சதவீதத்துக்கு மேல் கரையிலிருந்து வந்த சருகும், நீரில் கரைந்து வந்த கரிமப் பொருளும். ஓடையிலேயே வளரும் மாஸ் வகைச் சிறுசெடிகள் தருவது 1 சதவீதம்கூட இல்லை. வந்ததில் 34 சதவீதம் அங்கேயே உயிர்கள் சுவாசித்துத் தீர்க்க, 66 சதவீதம் கீழே போகிறது. நிழல் அடர்ந்த ஓடைக்கு வெயில் நேரடியாக எட்டுவதில்லை.

2ஆம் எண் சரிவு

15.6 ஹெக்டேர் கொண்ட 2ஆம் எண் நீர்ப்பிடிப்பை, அதாவது ஒரே ஓடைக்கு நீர் வடியும் சரிவை, சோதனைக்கு எடுத்தார்கள். அருகில் உள்ள 13.2 ஹெக்டேர் 6ஆம் எண் சரிவைத் தொடாமல் ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். வெட்டுவதற்கு முன் பல ஆண்டுகள் சரிவுகளின் ஓட்டத்தைச் சேர்த்து அளந்திருந்ததால், ‘வெட்டாமல் இருந்திருந்தால் இந்த ஆண்டு இவ்வளவு ஓடியிருக்கும்’ என்று மதிப்பிட முடிந்தது. இந்த முன்னளவீடு இல்லாவிட்டால் மழை அதிகமான ஆண்டையும் மரம் வெட்டிய ஆண்டையும் பிரித்தறிய முடியாது. நீலகிரியில் கிளென்மார்கனில் யூகலிப்டஸ் நட்டபோதும் 1968 முதல் இதே இணைச்சரிவு முறையைத்தான் கடைப்பிடித்தார்கள். அங்கே முதல் பத்தாண்டில் ஓட்டம் 16 சதவீதம் குறைந்தது என்ற முடிவு நிற்பதற்குக் காரணமும் அந்த முன்னளவீடே.

1965 நவம்பர், டிசம்பரில், பனி மூடிய தரையில் மரங்களைச் சாய்த்தார்கள். ஒரு கட்டைகூட வெளியே போகவில்லை. பாதை போடவில்லை, இழுக்கவில்லை, மண்ணைக் கிளறவில்லை. இழப்பு வந்தால் அது விறகாகப் போனது என்றோ, லாரி கிளப்பிய மண் என்றோ யாரும் சொல்ல இடமில்லை. 1966 ஜூனில் புரோமசில் என்ற களைக்கொல்லியைத் தெளித்தார்கள். அடுத்த இரண்டு கோடைகளில் முளைத்தவற்றை 2,4,5-டி என்ற இன்னொரு களைக்கொல்லி கொண்டு அழித்தார்கள். மண் இருந்தது, சருகு இருந்தது, மழை இருந்தது. உயிருள்ள பச்சை மட்டும் இல்லை.

முதலில் மாறியது நீர். முதல் ஆண்டில் எதிர்பார்த்ததைவிட 33 சென்டிமீட்டர், அதாவது 39 சதவீதம் கூடுதலாக ஓடியது. இரண்டாம் ஆண்டில் 27 சென்டிமீட்டர், 28 சதவீதம். மேலே சொன்ன ஆற்றல் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். 4,80,000இல் 42 சதவீதம் ஏறத்தாழ 2,00,000 கிலோகலோரி. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 585 கிலோகலோரி வேண்டும். வகுத்தால் சதுர மீட்டருக்கு சுமார் 345 லிட்டர், அதாவது 34 சென்டிமீட்டர். வெட்டிய தரையும் ஓரளவு ஆவியாக்கும் என்பதால் இரண்டும் அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. ஆனால் அளவு வரிசை ஒன்றே. மரம் வெயிலைச் செலவழித்து மேலே தூக்கிய நீர், இப்போது மண்ணைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியது.

ஐந்து மாதம் கழித்து, ஜூனில், நைட்ரேட் ஏறத் தொடங்கியது. முதல் ஆண்டில் வெட்டாத நிலையைவிட 41 மடங்கு, இரண்டாம் ஆண்டில் 56 மடங்கு. 1967-68இல் ஹெக்டேருக்கு நிகர இழப்பு 142 கிலோ நைட்ரேட் நைட்ரஜன். அதே காலத்தில் 6ஆம் எண் சரிவு மழையில் வந்ததைவிட 2 கிலோ சுமார் குறைவாகவே வெளியேற்றியது. ஓட்டம் 123 சென்டிமீட்டர் என்று கொண்டு வகுத்தால் லிட்டருக்குச் சராசரியாக 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட். நம் நாட்டுக் குடிநீர்த் தர வரம்பு 45. உரம் போடாத, ஆள் குடியிருக்காத மலை ஓடை அது.

மழை வரவைக் கழித்தபின், ஹெக்டேருக்கு கால்சியத்தின் நிகர இழப்பு ஆண்டுக்கு 9 கிலோவிலிருந்து 90ஆனது. பொட்டாசியம் 1.6இலிருந்து 36. மக்னீசியம் 2.6இலிருந்து 18. நீரின் பிஎச் 5.1இலிருந்து 4.3க்கு இறங்கியது, அதாவது அமிலத்தன்மை கூடியது. கோடையில் ஓடைநீரின் சூடு ஒரே நாளில் 3, 4 டிகிரி ஏறி இறங்கியது. வெயிலும் சத்தும் சேர்ந்து கிடைத்ததால், முன்பு பாசியே காணாத ஓடையில் உலோத்ரிக்ஸ் என்ற பச்சைப் பாசி அடர்ந்து படர்ந்தது. காடு பிடித்திருந்த ஒளியின் ஒரு துளியும் காடு பிடித்திருந்த சத்தின் ஒரு துளியும் அங்கே மறுபடி சந்தித்தன.

ஏன் இப்படி ஆனது

நைட்ரஜனின் இருப்பு பெரிது: மரங்களில் ஹெக்டேருக்கு சுமார் 530 கிலோ, சருகுப் படுகையில் 1,100, கீழ் மண்ணில் 3,600. பெரும்பகுதி கரிமப் பொருளில் கட்டுண்டது, கரையாது. ஆண்டுதோறும் நுண்ணுயிர்கள் மட்கவைத்து விடுவிப்பதும் வேர்கள் உறிஞ்சுவதும் 70, 80 கிலோ அளவில் ஏறத்தாழ சமமாக ஓடும். விடுபட்ட அம்மோனியத்தை வேர் உடனே எடுத்துக்கொள்வதால், அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்குக் கிடைப்பது கொஞ்சம்.

வேர் செத்ததும் அம்மோனியம் தேங்கியது. பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றியது. இந்த மாற்றத்தில் ஹைட்ரஜன் அயனிகள் வெளிவரும். அவை களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டியிருந்த கால்சியம், மக்னீசியம், பொட்டாசியத்தைத் தள்ளி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எதிர்மின் கொண்ட நைட்ரேட்டை இந்த மண் பிடித்துவைக்காது. அது நீரோடு போகும்போது மின்சமநிலைக்காக நேர்மின் அயனிகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. கால்சியம் பத்து மடங்காகக் கரைந்ததற்குக் காரணம் கால்சியத்தில் இல்லை, நைட்ரஜனில் இருந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கண்டுபிடிப்பு இதுதான். ஒரு சத்தை மட்டும் தனியே அளந்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

வேர் உறிஞ்சுதல் நின்றது மட்டுமே காரணம் என்றால் இழப்பு 80 கிலோ அளவில் நின்றிருக்க வேண்டும். 142 போனதற்கு விளக்கம் மட்குதல் விரைந்ததில் இருக்கிறது. நிழல் போனதால் தரை சூடேறியது, நீராவிப்போக்கு நின்றதால் கோடையிலும் ஈரமாக இருந்தது, புதிதாகச் செத்த வேர் ஏராளம். நுண்ணுயிருக்கு இதைவிட என்ன வேண்டும்? புதிய ஆற்றல் வரவு நின்ற பிறகும் பழைய சருகில் சேர்ந்த ஆற்றலை எரித்தபடி அவை இயங்கின. எரிக்க எரிக்க சத்து வெளிவந்தது, வாங்கிக்கொள்ள ஆளில்லை.

சல்ஃபேட் மட்டும் எதிராக, குறைந்தது. கூடுதல் நீரில் நீர்த்துப்போனது ஒரு காரணம். மண் அமிலமானால் அதில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் சல்ஃபேட்டை இறுகப் பிடிக்கும் என்பது பின்னால் தெளிந்த காரணம்.

மண் அரிப்பு உடனே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கலங்கல் அதிகமில்லை. சருகும் பழைய வேர்வலையும் இரண்டு ஆண்டு மண்ணைத் தாங்கின. அவை மட்கியபின்தான் வண்டல் வெளியேற்றம் கூர்மையாக ஏறியது. தெளிந்த நீரைப் பார்த்து சரிவு நலமாக இருக்கிறது என்று முடிவு செய்திருந்தால் 142 கிலோ கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்

1970இல் முடிவுகள் வெளிவந்ததும், மரம் வெட்டுதல் பற்றிய சர்ச்சையில் இரு தரப்பும் இந்த எண்களைக் கையில் எடுத்தன. வணிக வெட்டுக்கு இதை அப்படியே பொருத்துவது தவறு. களைக்கொல்லி தெளித்து மூன்று கோடை மறுவளர்ச்சியைத் தடுப்பதை எந்த வனத்துறையும் செய்வதில்லை. 4ஆம் எண் சரிவில் 1970 முதல் 1974 வரை பட்டை பட்டையாக வெட்டியபோதும், 5ஆம் எண்ணில் 1983-84இல் முழு மரமாக எடுத்தபோதும் நைட்ரேட் ஏறியது, ஆனால் இந்த உயரத்துக்கு அல்ல. முளைத்து வந்த செடிகள் சத்தைப் பிடித்துக்கொண்டன. வணிக வெட்டில் மரத்தோடு வெளியே போகும் சத்து வேறு கணக்கு. 2ஆம் எண்ணில் அது பூஜ்யம்.

தெளிப்பை நிறுத்தியபின் 2ஆம் எண் சரிவும் அதையே காட்டியது. பின் செர்ரி என்ற குறுவாழ்வு மரத்தின் விதைகள் சருகுப் படுகையில் பல பத்தாண்டு உறங்கிக் கிடக்கும். வெளிச்சம் பட்டதும் கூட்டமாக எழும், கிடைக்கும் நைட்ரஜனை வேகமாக உறிஞ்சும். சில ஆண்டுகளில் நைட்ரேட் பழைய நிலைக்கு இறங்கியது. கால்சியம் அவ்வளவு விரைவில் இறங்கவில்லை. நீரும் வெகுகாலம் கழித்து எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஓடியது, ஏனெனில் செர்ரியும் பிர்ச்சும் பழைய காட்டைவிட அதிகம் நீரை இழுத்தன.

கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தபோது

வெட்டாத சரிவிலும் வேறு ஒரு கசிவு நடந்துகொண்டிருந்தது. 1963இல் பிடித்த முதல் மழை மாதிரியே பிஎச் 3.7 காட்டியது. வட அமெரிக்க அமில மழைக்கான முக்கியச் சான்று இங்கே பிடித்த மழைநீரிலிருந்து வந்தது. கந்தக அமிலம் மண்ணின் கால்சியத்தைப் பல பத்தாண்டு அரித்தது. 1980களின் பிற்பகுதியோடு காட்டின் எடை கூடுவதே நின்றுபோனது என்று லைக்கன்ஸ் குழு 1996இல் எழுதியது.

1999 அக்டோபரில் 11.8 ஹெக்டேர் கொண்ட 1ஆம் எண் சரிவில் ஹெலிகாப்டரிலிருந்து வொலாஸ்டனைட் குருணைகளைத் தூவினார்கள். இது கால்சியம் சிலிகேட் கனிமம். ஹெக்டேருக்கு ஒரு டன் அளவில் கால்சியம் சேரும்படி கணக்கிட்டார்கள். சுண்ணாம்புத் தூளைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: சிலிகேட் மெல்லக் கரையும், பாறை இயல்பாகச் சிதைவதற்கு நெருக்கமானது.

மரங்கள் உடனே பதில் சொன்னன. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆவியாகும் நீர் 25, 18, 19 சதவீதம் கூடியது; ஓடை அந்த அளவுக்கு மெலிந்தது. சர்க்கரை மேப்பிள் தேறியது, மர வளர்ச்சி ஒப்பீட்டுச் சரிவை விஞ்சியது. ஆனால் ஏறக்குறைய பத்தாண்டு கழித்து ஓடையில் கரைந்த நைட்ரஜன் ஏற ஆரம்பித்து ஒப்பீட்டுச் சரிவைப் போல 30 மடங்கை எட்டியது. மரம் ஒன்றும் வெட்டப்படவில்லை. அமிலம் தணிந்ததால் சருகுப் படுகையில் அதுவரை அடங்கியிருந்த மட்குதல் வேகம் பெற்று, பழைய சேமிப்பிலிருந்த நைட்ரஜனை, மரங்கள் எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டி விடுவித்தது. நைட்ரஜனை வாங்கி வைத்துக்கொண்டிருந்த சரிவு, அதை வெளியே அனுப்பும் சரிவாக மாறிவிட்டது என்று 2016இல் வெளியான கட்டுரை பதிவுசெய்தது.